வயலும் வழக்கும்

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மேற்கே செல்கின்ற சாலை, மதுரையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், போடி மேற்கு மலையின் அடிவாரத்துப் பொட்டிப்புரம் என்னும் சிற்றூரின் பக்கம் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அந்த மலையின் வயிற்றுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, அதன் முடிவில், எப்பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறையே கவசமாக நிற்க, 50 ஆயிரம் டன் இரும்பைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காந்தமாக்கி, நியூட்ரினோ என்னும் அதிசூட்சுமமான துகளின் இயல்பை ஆராய வேண்டுமென்று நம் நாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் கனவு கண்டார்கள். மலை இன்றும் குடையப்படாமல் நிற்கிறது. அது அப்படி நிற்பது நன்றா தீதா என்பது நமது விசாரணை அன்று. விஞ்ஞானிகளும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அந்த மலையை முன்னிட்டு எங்கே, எந்த நிலையில் சந்தித்துக்கொண்டார்கள் என்பதையே இங்கே சிந்திக்கப் புகுகிறோம்.

மலையைக் குடைவது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையோடு சேர்த்த பென்னி குயிக்கின் அணை 1895-இல் திறக்கப்பட்டபோது, மேலூர் வட்டாரத்து வயல்களின் ஜாதகமே மாறிப்போயிற்று. ஆனால் அக்காலத்தில் எஞ்சினீயரின் கணக்கும் சர்க்காரின் உத்தரவும் இசைந்தால் போதும். நீரைப் பெறப்போகும் குடியானவனின் அபிப்பிராயத்தை வாக்குச் சீட்டில் கேட்பார் இல்லை. 1959-இல் காமராஜர் வைகை அணையைத் திறந்துவைத்த காலத்திலோ நிலைமை வேறாகிவிட்டது. அப்போது பொதுப்பணித் துறைக்கு மந்திரியாக இருந்த கக்கன், அதே மேலூர்ச் சீமையில் தும்பைப்பட்டியில் பிறந்தவர். அணையின் உயரத்தைக் கணக்கிட்டவர்கள் எஞ்சினீயர்களே ஆயினும், அதில் மூழ்கும் நிலத்துக்கும் அதிலிருந்து பாயும் வாய்க்காலுக்கும் சட்டசபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் மந்திரியே. கணக்குப் போடுபவர் ஒருவர், அதற்கு ஜனங்களிடம் பொறுப்பேற்பவர் மற்றொருவர் என்ற இந்தப் பிரிவினைதான் ஜனநாயகம் விஞ்ஞானத்துக்கு விதித்த புதிய நிபந்தனை.

இந்த இருவரும் உரிய காலத்தில் ஒன்றுகூடினால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964-இல் மத்திய உணவு, விவசாய மந்திரியானபோது, கோதுமை ஏற்றிய அமெரிக்கக் கப்பல் எப்போது வரும் என்று தேசமே துறைமுகத்தைப் பார்த்திருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும், மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்களைச் சாதாரண விவசாயிகளின் நிலங்களிலேயே பயிரிட்டுக் காட்ட வேண்டுமென்றார்கள். மந்திரி அவர்களுடைய விண்ணப்பத்தைக் கோப்பில் கட்டி வைக்கவில்லை. அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்டார், சந்தேகங்களைக் கிளப்பினார், விவசாய ஆராய்ச்சிக் கௌன்சிலை 1965-இல் திருத்தி அமைத்து, பி. பி. பால் என்ற விஞ்ஞானியையே அதன் தலைமையில் அமர்த்தினார். தில்லியில் தாம் குடியிருந்த சர்க்கார் பங்களாவின் புல்தரையைப் பெயர்த்து அங்கே அந்தக் கோதுமையை விதைக்கவும் செய்தார். பொருளாதார நிபுணர்களும் எதிர்க்கட்சியினரும் ஆட்சேபித்தும், 1966-இல் 18 ஆயிரம் டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்து இறங்கியது. அதற்குமுன் சுமார் 120 லட்சம் டன்னுக்கு மேற்போகாத கோதுமை மகசூல் 1968-இல் ஏறக்குறைய 170 லட்சம் டன்னைத் தொட்டது. அந்த அறுவடைக்கு ஓராண்டு முன்னரே, 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றிருந்தார் என்பது ஜனநாயகத்தின் விசித்திரம்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. வெற்றி முழக்கம் எழவிருந்த அதே 1968-இன் தொடக்கத்தில், வாரணாசியில் கூடிய விஞ்ஞான மகாசபையில், மண்ணின் வளத்தைப் பேணாமலும் நிலத்தடி நீரைக் கணக்கின்றி இறைத்தும் மருந்துகளை வரைமுறையின்றித் தெளித்தும் செய்யும் சாகுபடி கடைசியில் கேட்டிலேயே முடியும் என்று சுவாமிநாதனே எச்சரித்தார். தம் சரக்கின் குறையைத் தாமே எடுத்துச் சொல்லும் வியாபாரியை ஊர் நம்புவது போல, தம் ஆராய்ச்சியின் அபாயத்தையும் மறைக்காமல் சொல்லும் விஞ்ஞானியையே மக்கள் பிரதிநிதி தைரியமாக நம்ப முடியும்.

இனிப் பொட்டிப்புரத்துக்குத் திரும்புவோம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை, சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவிலான நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரான வைகோ தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி அளித்தது. 2021-இல் முதலமைச்சர் ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரைக் கேட்டுக்கொண்டார். 2022-இல் தமிழக அரசின் எதிர்ப்பு பிரமாணப் பத்திரமாகவே உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. பூமிக்கடியில் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவைக் கண்ட தேசம், அத்துகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஜப்பானியரான கஜிடாவும் கனடா நாட்டு மக்டொனால்டும் நோபல் பரிசு பெற்ற அதே 2015-இல், நீதிமன்றப் படிகளில் நின்றுகொண்டிருந்தது.

இதில் ஒரு தரப்பை அறியாமை என்றும் மறு தரப்பை ஆணவம் என்றும் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. நியூட்ரினோ நம் உடலைக் கணந்தோறும் கோடானுகோடியாக ஊடுருவிச் செல்கிறது, அதனால் யாருக்கும் தீங்கில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள், அது உண்மை. கிராமத்தாரிடம் அவர்கள் கூட்டம் போட்டு விளக்கியதும் உண்டு. ஆனால் ஊரார் கேட்ட கேள்விகளில் பாதி துகளைப் பற்றியதே அன்று, மலையைப் பற்றியது. வெடி வைத்தால் அணைக்கு என்ன ஆகும், பெயர்த்த பாறையை எங்கே கொட்டுவார்கள், புலி நடமாடும் காட்டுக்கு என்ன நேரும், ஆடுமாடு மேய்கிற நிலத்துக்கு வேலி வருமா என்று அவர்கள் கேட்டார்கள். பௌதிகம் கற்றவரின் விடை பௌதிகத்தில் இருந்தது. குடியானவனின் வினா வாழ்க்கையில் இருந்தது. ஒன்றை மற்றொன்றின் பாஷையில் சொல்லித் தர வேண்டியவன் மக்கள் பிரதிநிதி. அனுமதி தேவைப்படும் நாள் வரைக்கும் அவனோடு சம்பாஷணை இல்லாதிருந்தால், தேவை வந்த நாளில் அவன் ஜனங்களுடைய அச்சத்துக்கே வக்கீலாக நிற்பான். அவன் கடமையும் அதுவே.

இத்தகைய சம்பாஷணைக்கென்றே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்த குழு ஒன்று 1939 முதல் இருக்கிறது. நம் தலைநகரிலும் 1961-இல் லால் பகதூர் சாஸ்திரியின் முயற்சியால் அத்தகைய குழு ஒன்று தோன்றிற்று. அமெரிக்காவில் 1973 முதல், இளம் விஞ்ஞானிகள் ஓராண்டுக் காலம் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களிலேயே பணிபுரிந்து பழகுகிறார்கள். விஞ்ஞானியே சபைக்குச் செல்வதும் உண்டு. மேகநாத் சாஹா 1952-இல் கல்கத்தாவில் தேர்தலில் வென்று லோக்சபைக்குச் சென்றார், சுவாமிநாதன் 2007 முதல் 2013 வரை ராஜ்யசபையில் இருந்தார். ஆயினும் தில்லியில் இரண்டொருவர் அமர்வது மாவட்டந்தோறும் நடக்க வேண்டிய பழக்கத்துக்கு ஈடாகாது. மதுரையில் 1965 முதல் விவசாயக் கல்லூரியும் 1966 முதல் பல்கலைக்கழகமும் உள்ளன. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொட்டிப்புரத்துக்கென வகுத்த கருவியின் 85 டன் மாதிரி ஒன்றும் மதுரையிலேயே நிறுவப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, எந்த மனுவும் கையில் இன்றி, எந்தக் கையெழுத்தையும் எதிர்பாராமல், இப்பகுதிச் சட்டசபை உறுப்பினர்களும் இங்குள்ள ஆராய்ச்சியாளர்களும் ஓரிடத்தில் அமர்ந்து, வைகையின் வறட்சியையும் கண்மாய்களின் நிலையையும் பற்றிப் பேசிப் பழகினால், அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாடுதான்.

எங்கே அமர்வது என்றால் அதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. மேலூர்ச் சாலையில் யானைமலை தெரியும் எல்லையில், விவசாயக் கல்லூரியின் பரிசோதனை வயல்கள் ஒரு பக்கமும் உயர்நீதிமன்றக் கிளையின் மாளிகை மறு பக்கமுமாக, சிறிது தூர இடைவெளியில் இருக்கின்றன. சுப்பிரமணியமும் சுவாமிநாதனும் கூடிய இடம் வயல். பொட்டிப்புரத்தார் விஞ்ஞானிகளை எதிர்கொண்ட இடம் வழக்கு மன்றம். நம்மவர் முதலில் வயலில் இறங்கிப் பேசட்டும். தீராதது ஏதேனும் மிஞ்சினால், அப்புறம் சாலையைக் கடந்து செல்லலாம்.