நட்டவர் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நம் நினைவில் எழுவது அவ்வூரின் பதினொரு நிலைக் கோபுரம். அவ்வூரின் புகழுக்கு முதல் வித்தூன்றிய இடமோ ஒரு பூந்தோட்டமாகும். தோட்டம் அமைக்க ஆணையிட்ட அரசர்களின் பெயர்களை வரலாறு நிறையவே எழுதி வைத்திருக்கிறது. மண்ணைக் கொத்தி, நாற்று நட்டு, நீர் பாய்ச்சியவரின் பெயரை அது எழுதி வைத்த இடங்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று நம் தென்பாண்டி நாட்டிலேயே இருக்கிறது.

கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்தவராக அறிஞர் பலர் கருதும் விஷ்ணுசித்தர், பின்னாளில் பெரியாழ்வார் எனப் போற்றப்பட்டவர். வடபத்ரசாயி கோயிலுக்கு நந்தவனம் அமைத்து மாலை தொடுத்து அளிப்பதையே வாழ்நாட்பணியாக மேற்கொண்டார். அந்நந்தவனத்துத் துளசிச் செடியருகே அவர் கண்டெடுத்து வளர்த்த குழந்தையே ஆண்டாள் என்று வைணவ மரபு கூறுகிறது. மதுரையில் பாண்டியன் அவையில் வாதிட்டுப் பொற்கிழி வென்ற பின்னரும் அவர் தம் பூந்தோட்டப் பணிக்கே திரும்பினார் என்பதும் அம்மரபு சொல்லும் செய்தி.

சமயத்தால் நாம் வேறுபட்டவர்கள். எனினும் வரலாற்றை நோக்குவோர் என்ற முறையில் நாம் இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. அரசவையில் கிடைத்த சிறப்பும் ஒருவரை மண்வெட்டியிடமிருந்து பிரிக்கவில்லை எனச் சொல்லி மகிழ்ந்த ஒரு சமுதாயம், தோட்டத் தொழிலை எவ்வளவு உயர்வாக மதித்திருக்க வேண்டும்! இன்றும் திருப்பதிப் பிரம்மோற்சவக் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டுதோறும் மாலை செல்கிறது. பூத்தொடுக்கும் அந்தக் கைத்தொழிலின் மரபு அறுபடவில்லை.

பெயர் நிலைத்த மற்றொரு தோட்டக்காரரைக் காண நாம் முஸ்லிம் ஸ்பெயினுக்குச் செல்ல வேண்டும். அரபியர் துலைத்துலா என்றழைத்த டொலேடோ நகரில், 11ஆம் நூற்றாண்டில், அல்மஃமூன் என்னும் அரசரின் தோட்டங்களைப் பேணி வந்தவர் இப்னு பஸ்ஸால். ஹஜ்ஜுக்காகக் கீழ்த்திசை சென்ற இவர், வழியிலிருந்த நாடுகளின் பயிர்முறைகளையும் கண்டறிந்து வந்தார். 1085இல் டொலேடோ கைமாறியதும் செவில் நகரை அடைந்து, அங்கு ஆண்ட அல்முஃதமிதுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். புரவலரும் ஊரும் மாறினாலும் அவர் தொழில் மாறவில்லை.

இப்னு பஸ்ஸால் செய்த பெருஞ்செயல், தம் கை அறிந்ததை ஏட்டில் எழுதியது. மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தன்மையையும் விளக்கினார். மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் ஆகியவற்றுள் எது எச்செடிக்கு ஏற்றது என ஆராய்ந்தார். அவர் எழுதியவற்றைப் பின்வந்த செவில் நகர் இப்னுல் அவ்வாம் எடுத்தாண்டு, 585 தாவரங்களைப் பற்றிக் கூறும் பெருநூலை 12ஆம் நூற்றாண்டில் இயற்றினார். இப்னு பஸ்ஸாலின் நூல் 1955இல் மொராக்கோவின் தெத்துவான் நகரில் அச்சேறிற்று. அவர் நட்ட மரங்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும் அவர் அறிவு அழியாதிருக்கிறது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1760இல் ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். சிரா நகரிலிருந்த முகலாயத் தோட்டமே அதற்கு முன்மாதிரி என்பர். திப்பு சுல்தான் அதனை விரிவாக்கிப் பிறநாட்டுச் செடிகளையும் வித்துகளையும் வரவழைத்தார். பிற்காலத்தில் அதன் கண்காணிப்பாளர்களாயிருந்த ஜான் காமரான், கிரும்பீகல் முதலியோரின் பெயர்களும் ஏட்டில் உள்ளன. நம் வீடுகளில் பெங்களூர்க் கத்தரிக்காய் என வழங்கும் சௌசௌவை அங்கே கொண்டுவந்தவர் காமரான் என்று கூறுவர்.

அத்தோட்டத்தில் மண் வெட்டியவர்கள் யார்? தமிழ் வழிவந்த திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார் பெங்களூரின் தோட்டத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வந்தவர்கள். சமூகத்தின் பெயர் நின்றது. அத்தோட்டத்தில் உழைத்த ஒவ்வொருவரின் பெயரும் வரலாற்றில் நிற்கவில்லை. ஆணையிட்டவரையும் மேற்பார்த்தவரையும் நாம் அறிவோம், நட்டவரை அறியோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த இராசபாளையத்தின் மாந்தோப்புகளுக்கும் இது பொருந்தும். மலையடிவாரத்தில் விளையும் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாங்கனிகளின் சுவையை நாமறிவோம். மாங்கொட்டையை ஊன்றி முளைக்கும் கன்று பெரும்பாலும் தாய்மரத்தின் கனியை அப்படியே தருவதில்லை. அதனால் ஒட்டுக் கட்டுகிறார்கள். சட்டியில் வளர்த்த கன்றைத் தாய்மரத்தின் அருகே வைத்து, இரண்டின் தண்டையும் ஒரே அளவில் சீவி, இணைத்துக் கட்டி, அவை ஒன்றிய பின் தாய்க்கிளையிலிருந்து அறுத்தெடுப்பது பழைய முறை. சீவும் ஆழமும், கட்டும் இறுக்கமும், அறுக்கும் பருவமும் கைப்பழக்கத்தால் வருவன. எனவே நாம் சுவைக்கும் ஒட்டுமாங்கனி ஒவ்வொன்றும், கைமாறிக் கைமாறி வந்த ஒரு தொழிலறிவின் பயனேயாகும். அக்கைகளுள் ஒன்று ஓய்ந்து, அடுத்த கை கற்காதிருப்பின், அவ்வினமே குன்றிவிடும்.

ஒருவர் மரம் நட்டு, அதில் மனிதரோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நன்மையைப் பெற நட்டவரின் பெயர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் அறிவு அவரோடு மண்ணுக்குள் போய்விடாமல் காப்பது, கனியை உண்ணும் நம் கடமை. நம் ஊர்களில் ஒட்டுக் கட்டும் முதியவர் இருப்பின், அவரருகில் அமர்ந்து, இப்னு பஸ்ஸால் தமக்குத் தாமே செய்துகொண்டதை நாம் அவருக்குச் செய்வோம். அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம். தலைப்பில் அவர் பெயரையும் எழுதுவோம்.