கில்லர் ஏன் தூங்கியது?

மவுஸ் அம்பு அசையாது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும். பழைய லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் வழி. சேமிக்காத வேலை போச்சு.

இதற்குப் பெயர் திராஷிங். பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை அலசிவிட்டார். ஒரு புரோகிராம் சமீபத்தில் தொட்ட பக்கங்களை 'வொர்க்கிங் செட்' என்றார். ஓடுகிற எல்லாவற்றின் வொர்க்கிங் செட்டும் மெமரியில் அடங்காவிட்டால், பக்கங்களைக் கொண்டுவருவதிலேயே நேரம் போய்விடும். அதற்கு ஒன்றிரண்டை நிறுத்திவைப்பதே மேல்.

லினக்ஸில்தான் ஓஓஎம் கில்லர் இருக்கே என்பீர்கள். இருக்கு, ஆனா இனி எதையும் விடுவிக்க முடியாது என்று கெர்னல் கைவிரித்த பிறகுதான் அது எழும். புரோகிராமின் கோடு டிஸ்க்கிலும் இருக்கிறதே! கெர்னல் அதை மெமரியிலிருந்து தூக்கிப் போடும், அடுத்த கணமே திரும்பப் படிக்கும். தூக்கிப் போட ஏதாவது கிடைத்துக்கொண்டே இருப்பதால் கில்லர் தூங்கும். ஸ்வாப்பே இல்லாத மெஷினும் உறைவது இதனால்தான். ஸ்வாப்பை அணைத்தால் சரியாகிவிடும் என்று நானும் பல வருஷம் நம்பினேன்.

'எவ்வளவு மிச்சம்' என்பதைவிட, 'காத்திருந்தே எவ்வளவு நேரம் போகுது' என்பதுதான் சரியான கேள்வி. 2018 டிசம்பரில் 4.20 கெர்னலோடு வந்த பிஎஸ்ஐ அதைத்தான் அளக்கிறது. 2020-ல் ஃபெடோரா 32 சேர்த்த இயர்லிஓஓஎம் மிச்சத்தைத்தான் பார்த்தது. அடுத்த வருஷம் ஃபெடோரா 34-ல் வந்த சிஸ்டம்டி-ஓஓஎம்டி, பிஎஸ்ஐயையும் பார்த்து, உறைவதற்கு முன்பே கை வைக்கிறது.

ஆனா டென்னிங் நிறுத்திவைக்கச் சொன்னார். இது கொல்கிறது, சில சமயம் திறந்திருந்த டேப் அத்தனையோடும்.