மலையேறிய சுண்ணாம்புக்கல்

அந்தக் கல் என் முழங்கால் உயரம் இருக்கும். மேலே சாம்பல் தோல். உடைந்த பக்கம் மட்டும் கற்கண்டு மாதிரி மினுங்கும். ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் ஒரு குவாரிக்கு வெளியே கழிவுக் குவியலில் கிடந்தது. "எடுத்துக்குங்க தம்பி, இது அரைக்கவும் ஆகாது, அறுக்கவும் ஆகாது" என்றார் லோரி அண்ணன். அதையும் சேர்த்துப் பன்னிரண்டு கற்கள். கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கம், மைத்துனர் வீட்டுச் சரிவில் பாறைத் தோட்டம் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குளிர் இருக்கிறது, சரிவு இருக்கிறது, கல்தான் பாக்கி என்று நினைத்தேன்.

கல்லின் கதை நம் கதையைவிட மிகப் பழையது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்தக் கற்கள் கிடந்த கிந்தா பள்ளத்தாக்கு ஒரு வெதுவெதுப்பான கடலின் அடித்தளம். சிப்பிகளும் பவளங்களும் செத்து அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியிலிருந்து கருங்கல் குழம்பு பிதுங்கி ஏறியது. அதன் சூட்டில் வெந்து பல இடங்களில் சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக மாறியது. கிந்தாவின் வெள்ளீயமும் அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான். வெள்ளீயம் சீனர்களை இழுத்து வந்தது. பிறகு ரப்பர் நம்மவர்களை இழுத்து வந்தது. கல் மட்டும் எவரும் கொண்டுவராமல் இங்கேயே இருந்தது. ஈப்போக்காரர்களுக்குக் கல்லுமலை என்றால் முருகன் கோயில். சிம்பாங் பூலாய்க்காரர்களுக்கு அது வெடிச்சத்தம், இலையெல்லாம் வெள்ளைத்தூள், காகிதத்துக்கும் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிற மாவு.

எங்கள் கற்கள் மாவாகாமல் தப்பித்து மலை ஏறின. முன்பெல்லாம் கேமரனுக்குத் தாப்பா வழியாகத்தான் போக வேண்டும். 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்த பிறகு, ஈப்போ பக்கத்து ஆட்களுக்கு அது காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம் ஆகிவிட்டது. பிக்கப் வண்டி இரண்டாம் கியரில் முனகியபடியே ஏறியது.

பாறைத் தோட்டக்கலையின் பெரியவர் இங்கிலாந்தின் ரெஜினால்ட் ஃபேரர் (1880–1920). யார்க்‌ஷையரின் சுண்ணாம்புக்கல் நாட்டில் வளர்ந்தவர். 1907-இல் பாறைத் தோட்டம் பற்றி முதல் புத்தகம் போட்டார். 1919-இல் இரண்டு பெரிய தொகுதிகள். நடுவில் இலங்கைக்குப் போய்ப் பௌத்தரானார். செடி தேடிப் போன இடத்தில், மேல் பர்மாவில், இறந்தார். குகைக்குள் புத்தர் கோயில் இருக்கும் ஈப்போ பக்கத்துக் குனோங் ராப்பாட்டைப் பார்த்திருந்தால் மனிதர் இங்கேயே தங்கியிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பாறைத் தோட்டம் போடும் முறை எளிது, செய்வதுதான் கஷ்டம். கல்லில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். வரிகள் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும். இல்லையென்றால் லோரியிலிருந்து கொட்டிய குப்பை மாதிரி இருக்கும். கல்லைச் சற்றே பின்னால் சாய்த்தால் மழைநீர் வேருக்கு இறங்கும். செடியின் கழுத்தில் ஈரம் நிற்காதபடி மேலே பொடிக்கல் பரப்ப வேண்டும். இத்தனையும் செய்தோம். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை.

அசேலியா நட்டோம். நான்கே மாதத்தில் இலை மஞ்சளித்தது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போட்டேன், இன்னும் மஞ்சளித்தது. நர்சரிக்காரரைத் திட்டினேன், பாவம், அவர்மேல் தப்பில்லை. அசேலியாவும் தேயிலையும் அமில மண்ணில் வாழ்கிறவை. சுண்ணாம்பு கரைந்து இறங்கினால் மண் காரமாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இதை முதலிலேயே கண்டுபிடித்திருக்கலாம். கல்லை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளில் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். சோடா போல் நுரைத்தது.

சரி, சுண்ணாம்பை விரும்பும் ஆல்ப்ஸ் செடியையே வைப்போம் என்று ஏடல்வைஸ் விதை வரவழைத்தேன். முளைத்தது, வளர்ந்தது, வருடம் திரும்புவதற்குள் அழுகியது. கேமரனின் குளிர் ஆல்ப்ஸ் குளிர் இல்லை. அங்கே செடி மாதக்கணக்கில் பனிக்கடியில், உருகாத பனி என்பதால் நனையாமல், தூங்குகிறது. இங்கே தூக்கமே கிடையாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே நீளப் பகல். அசேலியாவுக்கு வானிலை ஒத்துவந்தது, கல் ஒத்துவரவில்லை. ஏடல்வைஸுக்குக் கல் ஒத்துவந்தது, வானிலை ஒத்துவரவில்லை.

இதற்கிடையில் அந்த முழங்கால் உயரக் கல்லில் ஒன்றைக் கவனித்தேன். ஏற்றும்போதே இடுக்கில் சருகு போல் சுருண்டு ஒட்டியிருந்தது. தட்டிவிட நினைத்து மறந்திருந்தேன். இப்போது அது விரிந்திருந்தது. தடித்த பச்சை இலை, அடியில் பழுப்புக் கம்பளி. பாராபோயா. சுண்ணாம்புப் பாறையில் மண்ணே இல்லாமல் வாழும் செடி. அந்த இனத்தில் சில, வறட்சியில் சுருண்டு காய்ந்து மழை கண்டதும் உயிர்த்தெழும். ஐரோப்பியப் பாறைத் தோட்டக்காரர்கள் பொன்போல் போற்றும் பிரனீஸ் மலை ராமோண்டாவும் பால்கன் ஹேபர்லியாவும் இதே குடும்பம், இதே சாமர்த்தியம். எங்கள் கல்லுமலைகளில் இன்னொரு பங்காளியும் உண்டு, மோனோஃபில்லியா. விதையிலையில் ஒன்றே பெரிதாகிக்கொண்டே போகும். பல செடிகளுக்கு ஆயுள் முழுக்க அந்த ஒரே இலைதான். நான் ஆல்ப்ஸிலிருந்து விதை வரவழைத்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்பு மலைச் செடிகளில் சில, விரல்விட்டு எண்ணக்கூடிய மலைகளில் மட்டுமே உண்டு. மலை மாவானால் செடியும் போயிற்று. இங்கே மாவுக்காக; இங்கிலாந்திலோ தோட்டங்களுக்காகவே யார்க்‌ஷையரின் சுண்ணாம்புப் பாறைத் தளங்களைப் பெயர்த்து விற்றார்கள். பிரிட்டனில் அவற்றுக்குப் பாதுகாப்புத் தர 1981-இல் சட்டம் வேண்டியிருந்தது.

பதினோரு கற்கள் மைத்துனர் வீட்டுப் படிக்கட்டாகிவிட்டன. சரிவில் இப்போது கருங்கல், அசேலியா பூக்கிறது. செடியிருந்த கல்லை மட்டும் திரும்ப இறக்கிவந்து சிம்பாங் பூலாயில் நிழல் மூலையில் வைத்திருக்கிறேன். மேலே தோட்டம் போட நினைப்பவர்கள் கல் வாங்கப் போகும்போது ஆணி ஒன்றும் எலுமிச்சம்பழம் ஒன்றும் கொண்டுபோங்கள். மலையடிவாரத்தில் சருகு ஒட்டிய கல் கிடந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.