சக்கரத்தில் இரண்டு கோடுகள்

நெகிரி செம்பிலான் தோட்ட வரலாறு என்றால் பால்வாளி, சீவுகத்தி, லயம் என்றுதான் எழுதுகிறோம். நான் கப்சாய் மோட்டாரையும் சேர்ப்பேன். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழியில் வந்த வண்டி அது.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் என் மாமா பால்வெட்டு முடிந்ததும் லயத்து வாசலில் மோட்டார் பழுது பார்ப்பார். விடியுமுன் வண்டி கிளம்பாவிட்டால் பெரட்டு தவறும். அன்றைய கூலி போச்சு.

"பிளக் நடுவுல இருந்தா நெருப்பு நாலு பக்கமும் ஒரே தூரம் ஓடும். இதுல பக்கவாட்டுல இருக்கு. அந்தக் கோடிக்குப் போய்ச் சேர நேரமாகும்டா. அதான் பொறிய இன்னும் முன்னாடியே விடணும்" என்பார்.

கணக்கும் அதுதான். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 15 மில்லி விநாடி. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். ஃப்ளைவீலில் 'டி' கோடு உச்சியைக் காட்டும். 'எஃப்' கோடு பொறி விழும் இடம். மாமா பாயின்ட் நடுவே சிகரெட் தாளைச் செருகி, சக்கரத்தை மெல்லச் சுற்றுவார். 'எஃப்' கோடு நேராகும்போது தாள் நழுவினால் சரி. பொறி ரொம்ப முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். பிந்தினால் இழுவை போய் எஞ்சின் கொதிக்கும்.

பிளக்கின் இடம் ஜப்பானில் முடிவானது. அதற்கேற்ற நேரத்தை லயத்து வாசலில் மாமா பிடித்தார். தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அவர் வெறும் பால்வெட்டுக்காரர். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.