ஆஸ்கர் ராபர்ட்சனை வளர்த்த பள்ளி

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ராபர்ட்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். ஏழைக் கறுப்பினச் சிறுவன், அபாரத் திறமை, வெற்றிமேல் வெற்றி, கடைசியில் நிறவெறி வழிவிட்டது என்பார்கள். முதல் மூன்றும் உண்மை. நான்காவதற்குத்தான் சான்று போதாது. 1953-ல் தொடங்கி 1960 வரை பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் ஆடிய ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால், அவர் வெல்ல வெல்லப் பாகுபாடு விலகியதாகத் தெரியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கிவைப்பதற்கென்றே கட்டப்பட்ட ஒரு பள்ளியை, ஒதுக்கப்பட்டவர்களே தங்கள் உழைப்பால் சிறந்த பள்ளியாக ஆக்கிக்கொண்டார்கள். ராபர்ட்சன் அந்த உழைப்பில் விளைந்தவர். பாராட்டு முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.

1920-களில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் இண்டியானா மாநில அரசியலையே கைக்குள் வைத்திருந்தது. அந்தச் சூழலில்தான் இண்டியானாபோலிஸ் கல்வி வாரியம், அதுவரை வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துவந்த கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரே கட்டடத்துக்குள் தள்ளியது. 1927-ல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிக்கு, 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸின் பெயர் சூட்டப்பட்டது. கறுப்பின அறிஞர்களைப் பல்கலைக்கழகங்கள் வேலைக்கு எடுக்காத காலம் அது. அதனால் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள் இங்கே பள்ளி ஆசிரியர்களாக வந்துசேர்ந்தார்கள். விளையாட்டில் நிலைமை இன்னும் மோசம். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை கறுப்பினப் பள்ளிகளைத் தன் போட்டிகளில் சேர்க்கவே இல்லை. பள்ளியின் உள்ளரங்கமும் சிறியது. பெரிய ஆட்டங்களுக்கு அட்டக்ஸ் அணி எப்போதும் வேறொருவர் இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

1938-ல் டென்னசியில் பிறந்து சிறு வயதிலேயே இண்டியானாபோலிஸுக்கு வந்த ராபர்ட்சனிடம் பந்து வாங்கக் காசில்லை. பழைய டென்னிஸ் பந்தையும், ரப்பர் பட்டை போட்டுச் சுற்றிய கந்தல் துணியையும் பழக்கூடைக்குள் எறிந்து பழகினார். அட்டக்ஸில் அவருக்குப் பயிற்சியாளர் ரே கிராவ். 1950-ல் பொறுப்பேற்ற கிராவ், அடக்கி ஆடிய பழைய பாணியை விட்டு வேகமான ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் ஒழுங்கில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவரிடம் வாதாடக் கூடாது, எதிராளி சீண்டினாலும் கை ஓங்கக் கூடாது. நடுவரின் விசில் தங்களுக்கு எதிராகவே ஊதும் என்று எடுத்துக்கொண்டு, எட்டிப்பிடிக்க முடியாத முன்னிலையை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். ராபர்ட்சனின் ஆட்டத்தில் தெரியும் நிதானம் இங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஆறடி ஐந்தங்குல உயரப் பையனை வளையத்தடியில் நிறுத்திவைப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ ஆட்டத்தை நடத்தும் ‘கார்டு’ வீரரின் வேலையைச் செய்தார். பந்தைத் தட்டிக்கொண்டு போய், எதிராளிக்கு முதுகைக் காட்டி உடம்பால் பந்தை மறைத்து, அடி அடியாக அவரைப் பின்னுக்குத் தள்ளுவார். பன்னிரண்டு அடியிலிருந்து எறிய வாய்ப்பிருந்தாலும் பத்தடிக்குப் போவார், முடிந்தால் எட்டடிக்கு. பிறகு தலைக்குமேல் பின்னால் தூக்கிப் பிடித்த பந்தை ஒற்றைக் கையால் எறிவார். அதில் பகட்டே கிடையாது.

1954-ல் மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளியிடம் அட்டக்ஸ் தோற்றது. அந்த ஆண்டு மைலன் பெற்ற மாநிலப் பட்டமே பின்னாளில் ஒரு ஹாலிவுட் படத்துக்குக் கருவானது. மறு ஆண்டு மார்ச் மாதம் அட்டக்ஸ் 97-74 என்ற கணக்கில் கேரி ரூஸ்வெல்ட் பள்ளியை வென்று மாநிலப் பட்டத்தைக் கைப்பற்றியது. எதிரணியும் கறுப்பினப் பள்ளிதான். எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டியில் ஒரு கறுப்பினப் பள்ளி பட்டம் வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல்முறை. இண்டியானாபோலிஸ் நகரத்துக்கும் அதுவே முதல் பட்டம். வென்ற அணி நகர நடுவிலுள்ள நினைவுச்சின்ன வட்டத்துக்குப் போய்க் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகளை ஏற்றிய தீயணைப்பு வண்டி அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலிருந்த நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குத் திருப்பிவிடப்பட்டது. கூட்டம் கலவரம் செய்யுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பிள்ளைகள் அதுவரை எந்தக் கலவரமும் செய்ததில்லை. 1956-ல் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், 31-0 என்று மீண்டும் பட்டம் வென்றார்கள். ராபர்ட்சன் இறுதி ஆட்டத்தில் 39 புள்ளிகள் எடுத்தார்.

இந்த வெற்றிகளுக்குப் பிறகுதானே வெள்ளையர் பள்ளிகள் கறுப்பின வீரர்களைத் தேடிச் சேர்த்தன, அது ஒருங்கிணைப்புக்கு உதவவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓரளவு உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பள்ளிகளில் பிரிவினை கூடாது என்ற மாநிலச் சட்டம் 1949-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்தும் அசையாதவர்களைக் கோப்பை ஆசை அசைத்தது என்றால், அவர்கள் விரும்பியது அந்தப் பையன்களின் ஆட்டத்தை மட்டுமே. ராபர்ட்சன் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அட்டக்ஸில் கறுப்பின மாணவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

பள்ளிக்குப் பிறகு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த புள்ளிக் கணக்கு இன்றும் மலைக்கவைக்கிறது. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி என்பதால், மிஞ்சியது மூன்றே பருவங்கள். மூன்றிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். ஆட்டத்துக்குச் சராசரி 33.8 புள்ளி, மொத்தம் 2,973. அது அன்றைய தேசியச் சாதனை. 1970-ல்தான் பீட் மராவிச் என்ற கல்லூரி வீரர் அதை முறியடித்தார். 1958 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஸீட்டன் ஹால் அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 54 புள்ளி, ராபர்ட்சன் ஒருவர் மட்டும் எடுத்தது 56. அதே பருவத்தில் அணி டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனுக்குப் போனபோது ஓட்டலில் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. சக வீரர்கள் அங்கே தங்க, அவர் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில் படுத்துறங்கினார். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கே இந்த மரியாதை என்றால், ஆடத் தெரியாத சாதாரண மாணவனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இவ்வளவு இருந்தும் கல்லூரியில் தேசியப் பட்டம் வாங்கவில்லையே என்று குறைசொல்பவர்கள் உண்டு. 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் சின்சினாட்டி அரையிறுதியில் கலிபோர்னியாவிடம் தோற்றது, அவர் போன பிறகு 1961-லும் 1962-லும் அதே அணி பட்டம் வென்றது என்பார்கள். தகவல் சரி, தீர்ப்புதான் தவறு. அவர் ஆடிய மூன்று பருவங்களில் 88 ஆட்டங்களில் 79 வெற்றி. பின்னால் வந்த அணி ஏறி நின்ற மேடை அது. பட்டத்தை மட்டும் எண்ணினால், ஒரு தனியாளின் ஆட்டத்தையும் கூட்டத்தின் பலனையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

1986-ல் அட்டக்ஸ் நடுநிலைப் பள்ளியாகச் சுருக்கப்பட்டது. 2006-ல் மீண்டும் உயர்நிலைப் பள்ளியானது. 2017-ல் அதன் அணி மறுபடி மாநிலப் பட்டம் வென்றபோது, பையன்களின் கழுத்தில் பதக்கம் அணிவித்தவர் 78 வயது ராபர்ட்சன்.