தேயிலையின் பிணியும் நம்மவர் கண்ணும்

மன்னர் பட்டத்துக்கு வந்ததும் போர்கள் நடந்ததுமே சரித்திரம் என்று பள்ளிக்கூடங்களில் போதிக்கப்படுகிறது. தோட்டத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோரோ கண்ணுக்குப் புலனாகாத ஒரு காளானிலிருந்து தொடங்க வேண்டும். கேமரன் மலையில் நம்மவர் கொழுந்துக் கூடை சுமந்த கதையின் வேரைத் தேடிச் சென்றால், அது இலங்கையின் காப்பித் தோட்டங்களில் போய் நிற்கிறது.

1869-ம் ஆண்டில் இலங்கை மலைநாட்டுக் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெய்ட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்னும் காளான் நிபுணர் அவற்றை ஆராய்ந்து, இது புதியதொரு காளான் என்று கூறினார். துரைமாரில் பலர் அதை நம்பவில்லை. மழை தவறியதால் வந்தது என்றனர் சிலர். மண் சத்து இழந்ததால் வந்தது என்றனர் வேறு சிலர். செடிக்கு நோய் கண்டால் தெய்வ குற்றம் என்று ஆடு வெட்ட நினைக்கும் நம்மவரை நகைப்போர், படித்த துரைமாரும் ஒரு காலத்தில் காரணம் அறியாது தடுமாறினர் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

1880-ல் மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். காளான் வித்துக்கள் காற்றில் பறந்து, ஈரமான இலையில் முளைத்து, உள்ளே புகுகின்றன என்பதை அவர் ஐயமற நிறுவினார். காட்டை அழித்து, மலை மலையாக ஒரே செடியை இடைவெளியின்றி நட்டது நோய்க்கு விருந்து வைத்ததற்கு ஒப்பாகும் என்பதையும் எடுத்துக் காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர் வரை பரந்திருந்த காப்பி அந்நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் அழிந்தது.

இவ்வழிவு நம்மவர் வாழ்வையே மாற்றிற்று. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, பின்னர் காப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்விடும். அதற்கு ஓயாது கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்துவிட்டன. அரசாங்கச் சட்டம் செய்யாததை ஒரு காளான் செய்து முடித்தது!

வில்லியம் கேமரன் 1885-ல் அளந்து குறித்த மலைப்பகுதியில், 1929-ல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்ற மில்ன், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகியவர். இலங்கையின் தொழில் இவ்வாறு பகாங்கு மலைக்கு ஏறியது. தொழிலின் பின்னே பிணியும் ஏறியது.

அஸ்ஸாமில் 19-ம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த கொப்புள நோய், 1946-ல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் சுமத்திராவையும் மலாயாவையும் எட்டியது. இதுவும் காளானே. இளந்தளிரில் முதலில் எண்ணெய் பட்டாற்போல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். பின்பு மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, வெள்ளைத் தூள் பூக்கும். மூன்று நான்கு வாரங்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை பறந்துவிடும். பனிமூட்டமும் தூறலும் அதற்குத் தாய்மடி. வெயில் அதற்குக் கூற்றுவன். எனவே நிழல் மரங்களின் கிளைகளை வெட்டி வெளிச்சம் விடுவதும், இடைவிடாது கொழுந்து எடுத்து நோய்த் தளிரை அகற்றுவதும், ஈரக் காலத்தில் தாமிர மருந்து தெளிப்பதும் பரிகாரங்கள் ஆயின.

நோய் இலையில் மட்டும் வருவதன்று. இலங்கையின் காளான் நிபுணர் பெட்ச் 1923-ல் வெளியிட்ட நூலில் தேயிலையின் வேர்நோய்களை விளக்கினார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காது விட்டால், அதில் வளரும் காளான் மண்ணுக்குள்ளேயே பரவிச் செடியைக் கொல்லும். காட்டை அழித்தவன் கட்டையை மறக்கலாம்; கட்டை அவனை மறவாது.

பூச்சிகளிலும் பகைவர் மட்டுமில்லை, நண்பரும் உண்டு. இலை சுருட்டும் தேயிலைப் புழுவை அடக்க, 1930-களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிட்டுப் புழுவை ஒழித்தது. 1950-களில் வேறொரு வண்டுக்காக டீல்டிரின் என்னும் நஞ்சைத் தெளித்தபோது, குளவி மடிந்து புழு மீண்டும் பெருகிற்று. நஞ்சை நம்பி நண்பனை இழந்த இப்பாடம் கேமரன் மலைக் கோசுத் தோட்டக்காரருக்கும் பொருந்தும்.

இவ்வளவு நூல்களிலும் ஒருவர் பெயர் காணப்படவில்லை. புள்ளி விழுந்த இலையை முதன்முதல் காண்பவர் யார்? ஆராய்ச்சியாளர் அல்லர், துரை அல்லர்; நாள்தோறும் ஆயிரக்கணக்கான தளிரைத் தொடும் கொழுந்துக்காரியே ஆவார். எந்தச் சரிவில் பனி தங்கும், எந்த நிரையில் செடி வாடும் என்பது அவருக்கு விரல் நுனியில் தெரியும். அவரிடம் கேட்டவர் சிலர். கேட்டதை அவர் பெயரால் எழுதி வைத்தவரைக் காண்பது அரிது. கூலி என்ற சொல் கையை மட்டும் கணக்கெடுத்தது. கண்ணையும் அறிவையும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர்; வெளிநாட்டுத் தொழிலாளரும் கத்தரிக்கும் இயந்திரங்களும் நிரைகளில் வேலை செய்கின்றனர். பாட்டிமாரின் அறிவு அவர்களோடு மறையுமுன் அதைக் கேட்டு எழுதி வைத்தல் படித்த இளைஞர் கடமையாகும். நோயின் பெயர், அதன் முதற்குறி, அது வரும் காலம், செய்த பரிகாரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தாலே போதும். இன்று அதே மலையில் வேலை செய்யும் அயல்நாட்டாருக்கும் அதைச் சொல்லிக் கொடுப்போம். செடியைக் காப்பது மருந்துக்கு முன்னே கண்; அந்தக் கண்ணுக்கு மதிப்பளிப்பதே சுயமரியாதை.