திண்ணையைத் தாண்டி வந்த நாய்

கெல்லிவில்லில் ஒரு தமிழ்க் குடும்பம் நாய் வாங்கப் போகிறது என்றால் முதல் சண்டை பெயரைப் பற்றி இருக்காது. "அது எங்கே படுக்கும்?" என்பதுதான் முதல் சண்டை. பிள்ளைகள் "என் ரூமில்" என்பார்கள். அம்மா "கராஜில்" என்பார். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால், "வாசலோட நிக்கட்டும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விடுவார்.

பாட்டியைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த "வாசலோட" என்ற சொல்லுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், ரிட்ஜ்பேக் மாதிரி ஒரு பெரிய இனக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறீர்களா? வேலியை அளக்கும் முன் அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த ஒரு நடுகல் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைக் கூட்டத்தைக் காக்கும்போது இறந்துபோன ஒரு வீரனுக்காக வைத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து அது காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனை மனிதர்களின் பெயர் அப்படித் தெரியும்?

கோவிவன் எங்கே காவல் நின்றது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள் இல்லை, எருமைகள் இருந்த இடத்தில். அதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை நடந்த இடத்தில்தான் அது வாழ்ந்தது.

தெற்கே வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நாய் இனங்களுக்கு ஊர்ப் பெயர்தான் பெயர். முதல் இரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தில், கோம்பை தேனி மாவட்டத்தில் இருக்கின்றன. நான்காவது இனம் கன்னி. கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராக அனுப்பியதால் அந்தப் பெயர் வந்தது என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஒல்லியான உடம்பும் நீண்ட காலும் கொண்ட சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த வளர்ந்தவை. ராஜபாளையம் இன்னும் பெரியது. நின்றால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்தார்கள். பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயர் மேல் இந்த நாய்களை ஏவினார்கள் என்ற கதைகளும் உண்டு. வீட்டில் யாராவது இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், கவனித்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட நாயை வைத்திருக்க ஒரு வீடு போதாது. தோட்டம், களம், ஆட்டுப் பட்டி, அதோடு ஓடுகிற ஆட்கள், அதற்குக் கஞ்சி ஊற்றுகிற வேறு ஆட்கள் என்று எல்லாம் வேண்டும். அத்தனையும் இருந்தது பாளையக்காரர்களிடமும் பிறகு ஜமீன்களிடமும் பெரிய விவசாயக் குடும்பங்களிடமும்தான். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டுமே தேவையான சட்டங்கள். ஆனால் நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே தலைமுறைக்குள் முதலாளியும் போய்விட்டார், வேலையும் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தமான பகுதி. ராஜபாளையம் நாய் கம்பிக் கூண்டுக்குள் போனது. சுத்த வெள்ளைதான் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள், வளர்ப்பவர்களும் வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார்கள். நாய்களில் அப்படிப்பட்ட வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரக்கூடும். ராஜபாளையம் குட்டிகளில் அது இன்றுவரை தெரிந்த பிரச்சினை. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. ஓட இடமில்லாத நாய்க்குத் தபால்தலையால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, பாட்டிக்கு வருவோம். வேலை செய்யும் நாய் தோட்டத்தில் இருந்தது, தெரு நாய் தெருவில் இருந்தது. வீட்டு வாசல்படி இருவருக்கும் எல்லை. இதில் ஆசாரமும் சாதியும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் வெறிநாய்க்கடி. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். தென்னிந்தியாவில் இதற்கான தடுப்பூசிக்காகவே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை வயிற்றில்தான் நாள்தோறும் போட்டார்கள். இந்தியா அதைக் கைவிட்டது 2000களின் நடுவில்தான். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவரிடம், "ஹி இஸ் ஸோ க்யூட்" என்று ஒரு குட்டியை மடியில் வைத்தால் அவர் எழுந்து போகத்தான் செய்வார்.

ஆகவே வீட்டைத் தயார் செய்வதில் முதல் வேலை அவரிடம் உட்கார்ந்து பேசுவது. ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் வெறிநோய் இல்லை என்று சொல்லுங்கள். அதை உள்ளே விடாமல் இருக்க இந்த நாடு படும் பாட்டையும் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து ஒரு ராஜபாளையத்தை நேரே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. முதலில் அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் அது வாழ வேண்டும், பிறகு மெல்பர்ன் மிக்கிள்ஹாமில் தனிமைப்படுத்தல். 2015இல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் அனுமதியில்லாமல் வந்தபோது, ஒரு மத்திய அமைச்சரே அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லி மிரட்டினார். பாட்டிக்கு இந்தக் கதை பிடிக்கும்.

நம் ஊர் இனம் கைக்கு எட்டாததால் நம்மவர்களில் பலருக்குப் பெரிய நாய் என்றால் ஜெர்மன் ஷெப்பர்ட். அதற்கும் இங்கே ஒரு குடியேற்றக் கதை உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மன் என்ற சொல்லே பிடிக்காமல் பிரிட்டிஷ்காரர்கள் இதை 'அல்சேஷியன்' ஓநாய் நாய் என்று அழைத்தார்கள். 'ஓநாய்' என்ற சொல் ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைக்காரர்களின் காதில் விழுந்தது. டிங்கோவோடு கலந்து ஆட்டையெல்லாம் தின்றுவிடும் என்றார்கள். 1929இல் இறக்குமதிக்குத் தடை வந்தது. அது முழுதாக நீங்கியது 1974இல். வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கையின் மிச்சத்தை நாடு தூக்கி எறிந்ததும் அதே காலம் என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும். பல பத்தாண்டுகள் வெளியிலிருந்து புது ரத்தம் வராமல், உள்ளே இருந்த நாய்களுக்குள்ளேயே அந்த இனம் பெருகியது. இன்று குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இனி வீடு. கெல்லிவில் ஒரு காலத்தில் பழத்தோட்டங்களும் சிறு பண்ணைகளும் இருந்த இடம். இப்போது நம்மில் பலருக்கு வாய்த்திருப்பது 300, 400 சதுர மீட்டர் மனை. அதில் முக்கால்வாசியும் வீடு. கொல்லையில் துணிக்கொடியும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் போக மிச்சம்தான் நாய்க்கு. வேலி 1.8 மீட்டர் உயரம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அடியில் தோண்ட முடியுமா, பக்கத்துக் கேட் சரியாகப் பூட்டுமா என்றும் பாருங்கள். எவ்வளவு சரி செய்தாலும் கோவிவனுக்கு இருந்த மேய்ச்சல் நிலம் இங்கே வராது. அதை ஈடுகட்ட வேண்டியது உங்கள் கால்கள்தான். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, மழையிலும், ஹெச்எஸ்சி பரீட்சை வாரத்திலும். யார் எந்த நாள் என்று குட்டி வருவதற்கு முன்பே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். அப்பாவின் பெயர் மட்டும் ஏழு நாளும் இருந்தால் நாய் வேண்டாம்.

எட்டு வாரக் குட்டி கையில் அடங்கும். ஒரு வருடத்தில் அதுவே 30 கிலோவைத் தாண்டும். ஆனால் எலும்பு முனைகள் முழுதாக இறுக ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். வழுக்கும் டைல்ஸில் அது ஓடி விழக்கூடாது. நடக்கிற பாதையில் பாய் விரியுங்கள். மாடிப்படிக்குக் கைக்குழந்தைக்குப் போடும் கேட்டையே போடலாம். "எலும்பு பலமாகட்டும்" என்று யாரும் கால்சியம் மாத்திரை கொடுக்கக் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்கு அது அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கோணும். அதற்கென்று செய்த உணவே போதும்.

நம் வீட்டுக்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன. மீந்த சாம்பார் சோற்றை நாய்க்குப் போடுவது நம் பழக்கம். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்பில் வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். சாமி அறையில் கற்பூரம், பட்டுப் புடவைக்கு நடுவே அந்துருண்டை, இரண்டும் விஷம், உயரத்துக்கு ஏற்றுங்கள். குத்துவிளக்கையும்தான். வளர்ந்த ஷெப்பர்டின் வால் சரியாக அந்தச் சுடரின் உயரத்தில் ஆடும். வாசலில் நாம் கழற்றி விடுகிற செருப்புக் குவியல் குட்டிக்குப் பொம்மைக் கடை. மூடிய அலமாரி ஒன்று வாங்கிவிடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் சட்டம் 12 வாரத்துக்குள் மைக்ரோசிப், 6 மாதத்துக்குள் பதிவு என்கிறது. பதிவில் நாய்க்கு ஒரு பெயர் கேட்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு மேக்ஸ், மூன்று லூனா இருக்கிறார்கள். கோவிவன் என்ற பெயர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

படுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஹாலில், பின்கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் கண்ணில் படும் மூலையில் ஒரு கூண்டையோ மெத்தையையோ வையுங்கள். முதல் சில இரவுகள் அது அழும்; தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து வந்திருக்கிறது. யாராவது ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள். சாமி அறைக்கும் பாட்டியின் அறைக்கும் கேட் போட்டுவிடுங்கள். அந்தக் கேட்டை எப்போது திறப்பது என்பது பாட்டியின் முடிவாக இருக்கட்டும்.